மறதிக்கு மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: என் மாமியாருக்கு 72 வயது. பல வருடமாக சுகருக்கு மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்கு தினமும் பேன்டோபிரசோல், ஸ்டென்ட் வைத்ததால் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். ஆறு மாதமாக மறதி அதிகம். அடுப்பில் பால் வைத்ததே ஞாபகமில்லை. உறவினர் ஒருவர் ஞாபகசக்திக்கு ஜிங்கோ பைலோபா என்ற மூலிகை கேப்சூல் வாங்கி வந்திருக்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வேண்டாம் அம்மா. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரில் பாதிப் பேருக்கு ஜிங்கோ 120 மில்லிகிராம் தினம் இருவேளை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை என்று கொடுத்து சுமார் ஆறு வருடம் கவனித்தார்கள். டிமென்ஷியா என்ற மறதி நோய் வருவதை ஜிங்கோ தடுக்கவில்லை என்று 2008-ல் முடிவு வந்தது. ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு பயமும் உண்டு.

எனக்குக் கவலை தருவது மெட்ஃபார்மினும் பேன்டோபிரசோலும் சேர்ந்திருப்பதுதான். சாப்பாட்டிலுள்ள பி12 வைட்டமின் பிரிந்து வர வயிற்றில் அமிலம் வேண்டும். பேன்டோபிரசோல் அமிலத்தைக் குறைக்கும். பிரிந்த பி12-ஐ சிறுகுடல் உறிஞ்சுவதை மெட்ஃபார்மின் குறைக்கும். பி12 குறைந்தால் மறதி, பாதம் மரத்துப்போவது, நடையில் தள்ளாட்டம் எல்லாம் வரலாம். பாத மரப்பை 'சுகர்தானே' என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ரத்தசோகை இல்லாமலும் இந்தக் குறைவு இருக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மறதி சரியாக வாய்ப்புண்டு.

முதலில் பி12, தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை. அதற்குப் பிறகுதான் சத்து மாத்திரை. முன்பே மாத்திரை போட்டால் பி12 அளவு ஏறி, குறை மறைந்துவிடும். பயோட்டின் உள்ள முடி, நக மாத்திரை சாப்பிட்டால் இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். தைராய்டு ரிசல்ட் தவறாக வரலாம். பி12 மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு. 200 முதல் 300 வரை சந்தேகம்தான், இன்னொரு பரிசோதனை தேவைப்படும். சிகிச்சை ஊசியா, தினம் 1,000 மைக்ரோகிராம் மாத்திரையா என்பதை டாக்டர் சொல்வார். ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுக்காதீர்கள்: ரத்தசோகை சரியாகும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும்.

ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பக்கத்து கிளினிக்குக்குப் போனாலும், வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். சளிக்கான குளோர்ஃபெனிரமின், தூக்கத்துக்கான அல்பிரசோலம் இரண்டுமே வயதானவர்களுக்கு மறதியைக் கூட்டும். டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம். ஒன்றிரண்டு நாளில் திடீரென்று குழம்பிப் பேசினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அது தொற்றாகவோ சோடியம் குறைவாகவோ பக்கவாதமாகவோ இருக்கலாம்.

கேள்வி: அப்பாவின் ஞாபகசக்திக்கு மீன் எண்ணெய் கேப்சூல் நல்லதா?
– வாசகர், காசிமேடு

பதில்: பெரிய ஆய்வுகளில் ஞாபகசக்தி கூடியதாகத் தெரியவில்லை. கேப்சூல் காசுக்கு வாரம் இருமுறை மத்தி வாங்கி, பொரிக்காமல் குழம்பு வையுங்கள். மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்போடு பி12-ம் கிடைக்கும்.