வாசகர் கேள்விகள்: கட்ச் பக்கம் பறவை பார்க்க

ஜனவரியில் கட்ச் போகிறோம். புஜ்ஜில் இரண்டே நாள் தங்கல். ஹைப்போகோலியஸ் என்ற பறவையை எப்படியாவது பார்க்க வேண்டும். வழி சொல்லுங்களேன்.
– வாசகி, திண்டுக்கல்

பன்னி (Banni) என்கிற புல்வெளியின் ஓரத்தில் ஃபுலாய் என்று ஒரு ஊர். இந்தப் பறவைக்காக வருகிற எல்லோரும் அந்தப் பக்கம்தான் போவார்கள். இரான், இராக் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே வருவது. இருக்கிறவரை பீலுப் பழம்தான் சாப்பாடு. மிஸ்வாக் குச்சி வெட்டுகிற உகாய் மரத்துக்குத்தான் அங்கே பீலு என்று பேர்.

இருட்டோடு கிளம்பி, வெயில் விழும்போது புதர்ப் பக்கம் இருங்கள். ராத்திரி சீமைக்கருவேலத்துக்குள் அடைந்தவை உச்சிக் கிளைக்கு வந்து உட்காரும். (ஆமாம், நம் ஊரில் திட்டுகிற அதே மரம்தான். 1960களில் வனத்துறை நட்டது, பன்னியில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது.) கொஞ்ச நேரம்தான் அந்தக் காட்சி. பீலுக்குள் புகுந்துவிட்டால் ஆடாமல் அசையாமல் பழம் தின்னும். பக்கத்திலேயே இருந்தாலும் கண்ணில் படாது. கொண்டைக்குருவி அளவு, வால் நீளம். ஆணுக்குக் கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, வால் நுனியும் கறுப்பு. பறக்கையில் இறக்கை நுனி வெள்ளையாகத் தெரிந்தால் அதேதான்.

செல்போனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிட வேண்டாம். வழிகாட்டியே போட்டாலும் நிறுத்தச் சொல்லுங்கள்.

சாரி டண்ட் ஏரிக்கு எப்போது போகலாம்? தண்ணீர் இருக்குமா?
– வாசகர், கோவை

மழையைப் பொறுத்தது. மழை பொய்த்தால் வெடித்த களிமண்தான் மிஞ்சும். புஜ்ஜில் விசாரித்துவிட்டுப் போங்கள். தண்ணீர் இருந்தால் சாயங்காலம் போவதே சரி. பகலெல்லாம் வயலிலும் புல்வெளியிலும் மேய்ந்த பெருங்கொக்குகள் (கிரேன்) ஆயிரக்கணக்கில் அடைய வரும். முதலில் சத்தம் வரும், அப்புறம்தான் வரிசை தெரியும். ஆழமில்லாத தண்ணீரில் நின்றபடியே தூங்கும். நரி வந்தாலும் தண்ணீரைக் கலக்காமல் கிட்டே வர முடியாதே!

2008-இல் அறிவித்த குஜராத்தின் முதல் கன்சர்வேஷன் ரிசர்வ் (பாதுகாப்புப் பகுதி) அது. ஜீப்பைத் தடத்தை விட்டு இறக்கவிடாதீர்கள். வெறும் மண் என்று நினைக்கிற இடத்தில் சைக்ஸ் பக்கி என்ற ராப்பறவை பகல் முழுக்கப் படுத்திருக்கும்.

600 எம்எம் லென்ஸ் வாங்கலாமா?
– வாசகர், ஈரோடு

வேண்டாம். வெயில் ஏறினால் கானல் கிளம்பிவிடும், எந்த லென்ஸிலும் படம் குழம்பும். 8x42 பைனாகுலர் போதும். அந்தக் காசுக்கு இன்னும் சில நாள் தங்கி நலியா பக்கத்துப் புல்வெளிக்கும் போய் வாருங்கள். குல்லா மறக்க வேண்டாம், குளிருக்குப் பேர்போன ஊர்.