நாங்கள் சேலத்தில் இருக்கிறோம். நான்கு வயதுக் குழந்தை காய்கறியைத் தொடவே மறுக்கிறது, என்ன செய்யலாம்?

சேலத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! உங்கள் ஊர்ப் பண்டமான தட்டுவடை செட்டைக் கொடுத்துப் பாருங்கள். பொரியலில் பீட்ரூட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பும் பிள்ளை, இரண்டு தட்டுவடைக்கு (தட்டைக்கு) நடுவே காரட், பீட்ரூட் துருவலை வைத்தால் மொறுமொறுவென்று கடித்துவிடும். வீட்டில் செய்யும்போது காரச் சட்னியைக் குறைத்துத் துருவலைக் கூட்டுங்கள். அடுக்கும் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள். எண்ணெய்ப் பண்டம்தான், தினமும் வேண்டாம்.

2 முதல் 6 வயது வரை புதிய உணவைக் கண்டு மிரள்வது இயல்பு. பல குழந்தைகள் ஒரு காயை 8 முதல் 15 முறை ருசித்த பிறகே ஏற்கின்றன. பாகற்காயை ஒருமுறை துப்பியதும் கைவிடாதீர்கள்; அடுத்த வாரம் ஒரு துண்டு வையுங்கள், வற்புறுத்தாதீர்கள். ‘காய் தின்றால் மிட்டாய்’ என்ற பேரம் மட்டும் கூடவே கூடாது, காய் தண்டனையாகிவிடும். உழவர் சந்தைக்கு அழைத்துப்போய், அன்றைய காயைப் பிள்ளையையே பொறுக்கச் சொல்லுங்கள்.