இருபது வயதுப் புருனெல்லோ: திறப்பதா, இன்னும் வைத்திருப்பதா?

கேள்வி: என் கணவர் சூரிச்சில் ஓர் இத்தாலிய உணவகத்தின் சமையலறையில் 22 ஆண்டுகள் வேலை செய்தவர். எட்டு ஆண்டுகளுக்கு முன் உணவகத்தை மூடியபோது, முதலாளி ஒரு வைன் போத்தலை அவர் கையில் கொடுத்து, "இதை அவசரப்பட்டுத் திறந்துவிடாதே" என்றாராம். லேபிளில் "புருனெல்லோ டி மொன்டல்சீனோ, ரிசெர்வா, 2006" என்றும், அதன் கீழே "விஞ்ஞே வெக்கியே" என்றும் இருக்கிறது. அன்று முதல் அது எங்கள் குடியிருப்பின் நிலக்கீழ் அறையில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிமிர்ந்தே நிற்கிறது. வரும் மாசியில் அவருக்கு அறுபது வயது நிறைகிறது. அன்று திறக்கலாமா? வைன் இன்னும் நன்றாக இருக்குமா? எப்படித் திறக்க வேண்டும்? ஆட்டிறைச்சிக் கறியுடன் பரிமாறலாமா? பன்னிரண்டு பேர் வருவார்கள்.

பதில்: திறந்துவிடுங்கள், இதற்கு மேலும் தள்ளிப்போட வேண்டாம். அந்த முதலாளி சொன்னது அன்றைக்குச் சரியான அறிவுரை. எட்டு ஆண்டுகளுக்கு முன் அந்த வைன் இன்னும் இறுக்கமாகவே இருந்திருக்கும். இப்போது அதைக் காத்திருக்க வைப்பதால் கிடைக்கக்கூடிய நன்மை சிறிது. அது நின்ற இடத்தையும் நின்ற விதத்தையும் எண்ணிப் பார்த்தால், இழக்கக்கூடியது பெரிது.

முதலில் உங்கள் கையில் இருப்பது என்ன என்று பார்ப்போம். மொன்டல்சீனோ என்பது இத்தாலியின் தொஸ்கானா மாநிலத்தில், சியேனா நகருக்குத் தெற்கே உள்ள ஒரு குன்றின்மேல் அமைந்த சிற்றூர். அதைச் சூழ்ந்த சரிவுகளில் விளையும் சான்ஜொவேசே என்ற கருந்திராட்சையை மட்டுமே கொண்டு, வேறெந்த வகையும் கலக்காமல் செய்வதுதான் புருனெல்லோ. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பியொன்டி சான்டி குடும்பத்தினர் தங்கள் கிரெப்போ பண்ணையில் இந்த முறையை நிலைநிறுத்தினார்கள். 1980இல், இத்தாலிய வைன் சட்டத்தின் மிக உயர்ந்த தரவகுப்பு நடைமுறைக்கு வந்தபோது அதைப் பெற்ற முதல் சில வைன்களில் இதுவும் ஒன்று. சாதாரணப் புருனெல்லோ, அறுவடைக்குப் பின் வரும் ஐந்தாம் ஆண்டின் சனவரிக்கு முன் விற்பனைக்கு வரக்கூடாது. கூடுதல் காலம் முதிர வைக்கும் வகையான ரிசெர்வாவுக்கு அது ஆறாம் ஆண்டு. இந்தக் காலத்தில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் மரப்பீப்பாயில் கழிய வேண்டும். ஆகவே உங்கள் போத்தல் 2012க்கு முன் கடைக்கு வந்திருக்க முடியாது. மொன்டல்சீனோ உற்பத்தியாளர் கூட்டமைப்பு அப்போதெல்லாம் ஒவ்வோர் ஆண்டின் அறுவடையையும் விண்மீன் கணக்கில் மதிப்பிட்டு வந்தது. 2006க்குக் கிடைத்தது மிக உயர்ந்த ஐந்து. அந்த ஆண்டின் வைன்கள் இளமையில் துவர்ப்பு மிகுந்து, முகம் கொடுக்காமல் இருந்தவை என்பதால், முதலாளியின் எச்சரிக்கைக்கு நல்ல காரணம் இருந்தது.

இந்த வைனைப் பற்றித் தேடிப் படித்தால் 2008ஆம் ஆண்டு விசாரணை உங்கள் கண்ணில் படும். சில பண்ணைகள் வேறு திராட்சைகளைக் கலந்துவிட்டன என்ற ஐயத்தில் எழுந்தது அது. அதே ஆண்டு அக்டோபரில் உற்பத்தியாளர்கள் வாக்கெடுப்பு நடத்தி, சான்ஜொவேசே 100 வீதம் என்ற விதியை மாற்றாமல் வைத்துக்கொண்டார்கள். உங்கள் வைன் அப்போது போத்தலுக்கே வந்திருக்காது. போத்தலின் கழுத்தில் எண்ணிட்ட சிறு கடதாசிப் பட்டை ஒன்று ஒட்டப்பட்டிருக்கும்; இத்தாலிய அரச அச்சகம் அச்சிடும் அந்தப் பட்டை கிழியாமல் இருந்தால் நல்ல அறிகுறி.

"விஞ்ஞே வெக்கியே" என்பதற்கு "முதிய திராட்சைக் கொடிகள்" என்று பொருள். இந்தச் சொல்லைப் பார்த்ததும் பலரும் மயங்கிவிடுகிறார்கள். கொஞ்சம் நிதானம் தேவை. எத்தனை வயதுக் கொடியை முதியது என்று சொல்லலாம் என்பதற்கு இத்தாலியச் சட்டத்தில் வரையறை இல்லை; எழுதுபவரின் நாணயமே அளவுகோல். வைன் துறைக்கான பன்னாட்டு அரசுகளின் அமைப்பு 2024இல்தான் ஒரு வரையறையைத் தந்தது: 35 ஆண்டுகளுக்குக் குறையாத, ஆவணச் சான்றுள்ள கொடி முதிய கொடி, ஒரு தோட்டத்தில் 85 வீதம் கொடிகளாவது அப்படி இருந்தால் அது முதிய தோட்டம். அது ஒரு பரிந்துரையே தவிர, 2006 அறுவடையின் லேபிளைக் கட்டுப்படுத்துவதன்று. மொன்டல்சீனோவில் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 1960களில் அங்கே புருனெல்லோவுக்கென்று இருந்த தோட்டங்கள் மிகச் சொற்பம். இன்று காணும் பரப்பு பெரும்பாலும் 1970களுக்குப் பிறகு நட்டது. 1930களில் நட்ட கொடிகள் சில பண்ணைகளில் இருக்கின்றன என்றாலும் அவை விதிவிலக்கு. ஆகவே உங்கள் போத்தலுக்குப் பழம் கொடுத்த கொடிகள் அறுவடையின்போது முப்பதைச் சற்றுத் தாண்டியவையாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

அந்த வயதுக்கும் பயன் உண்டு. கொடி முதிர முதிரக் காய்ப்பு குறையும். குலைகள் சிறுத்து, பழத்தில் சாற்றோடு ஒப்பிடும்போது தோலின் பங்கு கூடும். நிறமும் மணமும் துவர்ப்பும் பெரும்பாலும் தோலிலிருந்தே வருகின்றன. வேர் ஆழத்தில் இறங்கியிருப்பதால், மழை பொய்த்த கோடையில் இளங்கொடி வாடும்போது முதிய கொடி அவ்வளவு எளிதில் தடுமாறுவதில்லை; ஆண்டுக்காண்டு தரம் ஏறி இறங்குவதும் குறைவு. இதே காரணத்தால்தான் கிரெப்போ பண்ணையில் ரிசெர்வாவுக்கு 25 வயதைக் கடந்த கொடிகளின் பழத்தை மட்டுமே எடுக்கும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. ஆனால் ஒரு ஐயத்தையும் சொல்லிவிடுகிறேன்: நல்ல பழம் தராத தோட்டத்தை யாரும் நாற்பது ஆண்டு வைத்திருப்பதில்லை, பிடுங்கிவிடுவார்கள். எனவே முதிய கொடியின் வைன் நன்றாக இருப்பதில், வயதுக்கு எவ்வளவு பங்கு, நல்ல மண்ணுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

லேபிளை விட முக்கியமானது, போத்தல் இத்தனை ஆண்டுகளை எங்கே கழித்தது என்பதே. கிரெப்போ பண்ணையின் 1955 ரிசெர்வா அரை நூற்றாண்டுக்குப் பின்னும் வியந்து பேசப்பட்டது என்று படித்துவிட்டு, நம் போத்தலும் அப்படித்தான் வாழும் என்று நம்புவது தவறு. அங்கே பழைய ரிசெர்வாக்களைத் திறந்து பார்த்து, குறைந்த அளவை அதே ஆண்டு வைனால் நிரப்பி, புதுத் தக்கை அடைத்துக் கொடுக்கும் வழக்கமே இருந்தது. வைனுக்கு உகந்தது மாறாத 12 முதல் 14 பாகை வெப்பநிலையும், இருளும், அசைவின்மையும், ஓரளவு ஈரப்பதமும். உங்கள் நிலக்கீழ் அறை இருட்டாகவும் குளிராகவும் இருந்தால் நல்லது. ஆனால் சூடாக்கும் குழாய் பக்கத்தில் ஓடினால் கதை வேறு. அதற்கு முன் உணவகத்தில் அது எப்படி இருந்தது என்பதும் நமக்குத் தெரியாது. நிமிர்த்தி வைத்ததால் தக்கை கொஞ்சம் உலர்ந்திருக்கலாம். மொத்தத்தில் பாழாகியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மேலும் பத்து ஆண்டு வைக்கும் அளவுக்கு நம்பிக்கையும் எனக்கு இல்லை.

இப்போதே போத்தலை அசைக்காமல், பின்னால் ஒரு விளக்கைப் பிடித்துப் பாருங்கள். வைனின் மட்டம் கழுத்தில் இருந்தால் மிக நன்று. கழுத்து முடிந்து தோள் தொடங்கும் இடத்தில் நின்றாலும் இந்த வயதுக்கு இயல்பே. தோளின் நடுவுக்கு இறங்கியிருந்தால் காற்று உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் விருந்தினர் வரும் நாளுக்குக் காத்திராமல், நீங்கள் இருவரும் ஒரு ஞாயிறு மாலையில் திறந்து பாருங்கள். தக்கையை மூடிய உறையைச் சுற்றி ஒட்டும் கசிவு காய்ந்திருந்தாலும் இதே அறிவுரைதான். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: புத்தகத்தில் படித்துவிட்டு இன்று போய் அதைப் படுக்க வைத்துவிடாதீர்கள். எட்டு ஆண்டுகள் நிமிர்ந்து நின்றதால் அடிமண்டி முழுவதும் கீழே அமைதியாகப் படிந்திருக்கும். மற்றவர்கள் ஓரிரு நாள் முன்னதாகப் போத்தலை நிறுத்தி வைத்துப் பெற முயல்வது உங்களுக்குத் தானாகவே கிடைத்திருக்கிறது.

பிறந்தநாளுக்கு முதல்நாள் அதை நிமிர்ந்த நிலையிலேயே, குழந்தையைத் தூக்குவதுபோல மேலே கொண்டுவந்து, சூடாக்கி இல்லாத ஓர் அறையில் வையுங்கள். விருந்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகத் திறக்கலாம். உறையை முழுவதுமாக அகற்றி, வாய்ப்பகுதியை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். இந்த வயதில் தக்கை நடுவில் உடைவது சகஜம். நெம்புகோல் கைகள் கொண்ட திறப்பான் அதை நொறுக்கிவிடும். உணவகப் பணியாளர் சட்டைப்பையில் வைத்திருக்கும் சாதாரணத் திருகு போதும். நேராக இறக்கி, அவசரமின்றி இழுக்க வேண்டும். இரண்டு மெல்லிய தகடுகளைத் தக்கையின் இருபுறமும் செருகி முறுக்கி எடுக்கும் கருவி ஒன்றும் உண்டு. தக்கை இறுக்கமாக இருந்தால் அதுவே சிறந்தது, தளர்ந்திருந்தால் தக்கையை உள்ளே தள்ளிவிடும். உடைந்து தூள் உள்ளே விழுந்தாலும் பதற வேண்டாம். கொதிநீரில் அலசிய, சவர்க்கார மணமில்லாத தேநீர் வடியால் வடித்துக்கொள்ளலாம்.

திறந்ததும் ஒரு மிடறு ஊற்றிச் சுவையுங்கள். வைன் இன்னும் இறுக்கமாக, மணம் தராமல் இருந்தால் அப்போதே அகன்ற கண்ணாடிக் குடுவைக்கு மாற்றிவிடலாம். மணம் ஏற்கெனவே விரிந்து, மென்மையாக இருந்தால் குடிக்கும் நேரம் வரை போத்தலிலேயே விட்டுவையுங்கள். மாற்றும்போது போத்தலின் தோளுக்குக் கீழே கைத்தொலைபேசியின் விளக்கை எரியவிட்டு, ஒரே சீராகச் சாய்த்து ஊற்ற வேண்டும். இடையில் நிமிர்த்தினால் மண்டி கலங்கிவிடும். தோளை நோக்கிக் கறுத்த கீற்று ஒன்று நகர்ந்து வருவதைக் கண்டதும் நிறுத்துங்கள். பரிமாறும்போது 16 முதல் 18 பாகை இருந்தால் போதும். சுவிஸ் வீடுகளின் குளிர்கால வரவேற்பறை இந்த வைனுக்குச் சூடு அதிகம்.

நிறம் உங்களுக்கு ஏமாற்றம் தரலாம். இளம் வைனின் ஊதா கலந்த செம்மை போய், ஓரத்தில் செங்கல் நிறம் படர்ந்திருக்கும், அது குறையன்று. ஆங்கிலத்தில் வைனைப் பற்றி எழுதுபவர்கள் பக்கக்கணக்கில் விளக்கும் ஒன்றுக்கு நம் மொழியில் அறுசுவைகளிலேயே பெயர் இருக்கிறது: துவர்ப்பு. பாக்கையும் நெல்லிக்காயையும் மென்றவர்களுக்கு, நாக்கைப் பிடித்து உலர்த்தும் அந்த உணர்வை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இளம் புருனெல்லோவில் அது முரடாக இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லத் துவர்ப்புப் பொருள்கள் நிறப்பொருள்களோடு பிணைந்து பெருத்து, கரைந்து நிற்க முடியாமல் அடியில் மண்டியாக இறங்கும். மேலே எஞ்சுவது மெருகேறிய துவர்ப்பும், சான்ஜொவேசேக்கே உரிய கூர்மையான புளிப்பும். உலர்ந்த செர்ரி, புகையிலை, பதப்படுத்திய தோல், தேயிலை போன்ற மணங்களை எதிர்பார்க்கலாம்.

இப்போது ஆட்டிறைச்சிக் கறி. வறுத்த மிளகாய்த்தூள் போட்ட நம் கறியோடு இதைப் பரிமாறாதீர்கள் என்று வருத்தத்துடன் சொல்கிறேன். உறைப்பு வைனின் மதுவை எரிச்சலாகவும், துவர்ப்பைக் கசப்பாகவும் காட்டிவிடும்; இருபது ஆண்டுகளில் சேர்ந்த மென்மணங்கள் முதல் கவளத்திலேயே மறைந்துபோகும். தொஸ்கானாவில் இதற்குத் துணை, தீயில் வாட்டிய மாட்டிறைச்சி, காட்டுப்பன்றி இறைச்சி, பெக்கொரீனோ என்ற முதிர்ந்த செம்மறியாட்டுப்பால் சீஸ் ஆகியவை. உங்கள் கணவருக்கு இவையெல்லாம் கைப்பழக்கமாகவே இருக்கும். உப்பும் மிளகும் மட்டும் தடவிய ஆட்டுத்தொடை, காளான் வதக்கல், பெக்கொரீனோ சீஸ், பாண் என்று சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி வைனைக் குடித்து முடியுங்கள். பிறகு கறியும் சோறும் வரட்டும், அதற்குக் குளிர்ந்த பியரே பொருத்தம். பன்னிரண்டு பேர் என்பதும் சிக்கல்தான். 750 மில்லிலீற்றரில் மண்டிக்கு விட்டது போக, ஆறு பேருக்கு அரைக் கிண்ணத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். பன்னிரண்டு பேருக்குப் பகிர்ந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. வைனில் ஈடுபாடு உள்ள ஐந்தாறு பேரை முன்னதாக வரச் சொல்லுங்கள்.

தவறிப்போனால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். நனைந்த சாக்கு அல்லது ஈரக் கடதாசி அட்டையின் வாடை வந்தால் தக்கை கெட்டு வைனைக் கெடுத்திருக்கிறது. எவ்வளவு நேரம் காற்றாட விட்டாலும் அது போகாது. அடிபட்ட ஆப்பிள் மணமும் மண்பழுப்பு நிறமும் காற்றுப் புகுந்ததன் அடையாளம்; வினாகிரி வாடை வெளிப்படையானது. இவை எவையும் உடலுக்குத் தீங்கானவை அல்ல, ஆனால் குடிப்பதில் இன்பம் இருக்காது. ஆகவே துணைக்கு ஓர் இளைய புருனெல்லோவை வாங்கி வைத்திருங்கள். பழையது நன்றாக இருந்தால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துச் சுவைத்துப் பார்க்கலாம். போத்தலின் அடியில் விட்ட இரண்டு விரல் மண்டியைக் கழிவுத்தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். மெல்லிய துணியில் வடித்து, அந்த ஆட்டுத்தொடையின் சாற்றோடு சேர்த்துச் சுண்டக் காய்ச்சலாம். அதை உங்கள் கணவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.