பிடித்த குழந்தைகள் கதைத்தொடரின் கடைசிப் புத்தகத்தை முடித்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது?

நான் முடித்தது நார்னியா என்ற மாய உலகின் கதைத்தொடரை, அதுவும் இரண்டு முறை. முதல் முறை கல்லூரி நாட்களில், ஒரே மூச்சில். கடைசிப் பக்கத்தில் எல்லோரும் நார்னியாவின் தெய்வம் போன்ற சிங்கமான அஸ்லானின் நாட்டுக்குள் போய்ச் சேர்ந்தார்கள், எனக்கும் நிறைவாக இருந்தது, புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன். இரண்டாம் முறை போன டிசம்பரில், ஒன்பது வயது மகளுக்கு இரவில் வாசித்துக் காட்டியபோது. சொல்ல வேண்டியது அதைப் பற்றித்தான்.

சி. எஸ். லூயிஸ் 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஏழு புத்தகங்களை வெளியிட்டார். கண்ணை ஆங்கிலத்தில் ஓட்டிக்கொண்டே வாயால் தமிழில் சொல்வது என் வழக்கம். முதல் புத்தகத்தில் நார்னியாவுக்குள் நுழையும் பீட்டர், சூசன், எட்மண்ட், லூசி என்ற நான்கு உடன்பிறந்தவர்களில் எட்மண்டுக்குச் சூனியக்காரி கொடுக்கும் துருக்கி மிட்டாயை அல்வா என்று மாற்றியிருந்தேன். அவள் அவனுக்குக் கொடுத்தது எல்லா அர்த்தத்திலும் அல்வாதானே.

ஏழாவதான 'தி லாஸ்ட் பேட்டில்' ஒரு குரங்கோடும் கழுதையோடும் தொடங்குகிறது. குரங்கு கழுதைக்குச் சிங்கத்தோலைப் போர்த்தி, இதுதான் அஸ்லான் என்று ஊரை ஏய்க்கிறது. "புலித்தோல் போர்த்திய கழுதைக் கதைதானே, கத்தியதும் மாட்டிக்கொள்ளும்" என்றாள் மகள். ஆனால் இந்தக் கழுதையால் ஒரு நாடே அழிகிறது. அதன் பிறகு அவள் குறுக்கே பேசவில்லை.

மீதிப் பக்கங்கள் ஒரு விரல் கனத்துக்கு வந்ததும் நான் கள்ளத்தனம் செய்ய ஆரம்பித்தேன். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி மூன்று பக்கத்தோடு விளக்கை அணைத்துவிடுவேன். முடிவு எனக்குத் தெரியும். பிள்ளைகள் உண்மையில் ஒரு ரயில் விபத்தில் இறந்துபோய்த்தான் அஸ்லானின் நாட்டுக்கு வந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் முடிந்து விடுமுறை பிறந்துவிட்டது என்பதுபோல அஸ்லான் அதை இதமாகச் சொல்கிறது. 'இறந்துவிட்டீர்கள்' என்பதா, 'இனித் திரும்பிப் போக வேண்டாம்' என்பதா என்று அன்று பகலெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். இரவில் நேராகவே சொல்லிவிட்டேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அவளோ விரல்விட்டு எண்ணினாள். பீட்டர், எட்மண்ட், லூசி, அவர்களுடைய அப்பா, அம்மா.

"அப்பா, சூசனிடம் இதை யார் போய்ச் சொல்வார்கள்?"

நால்வரில் சூசன் மட்டும் அந்த விபத்தில் சிக்கவில்லை. நார்னியா என்பது சின்ன வயது விளையாட்டு என்று ஒதுக்கிவிட்டு, உதட்டுச்சாயம், விருந்து அழைப்பு என்று போய்விட்டாள் என நாலு வரியில் அவள் கதையை முடித்துவிடுகிறார் லூயிஸ். மிட்டாய்க்காக உடன்பிறந்தவர்களையே காட்டிக்கொடுத்த எட்மண்டுக்கு உள்ளே இடம் உண்டு, இவளுக்கு இல்லை. எனக்கு இதில் இன்றும் உடன்பாடில்லை. அதைவிட, ஒரே நாளில் குடும்பம் முழுவதையும் இழந்த ஒரு பெண் அந்தக் கதைக்கு வெளியே நிற்கிறாள் என்பது கல்லூரிக் காலத்தில் என் கண்ணில் படவே இல்லை.

சூசன் என்ன ஆனாள் என்று கேட்ட ஒரு குழந்தைக்கு லூயிஸ் 1957-இல் பதில் எழுதியிருக்கிறார். அவள் உயிரோடுதான் இருக்கிறாள், திருந்த நிறைய காலம் இருக்கிறது, தன் வழியில் ஒருநாள் வந்துசேரக்கூடும் என்பது அதன் சாரம். மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவளிடம் இதைச் சொன்னேன். நுரையைத் துப்பிவிட்டு, "அது புத்தகத்தில் இல்லையே" என்றாள்.

ஒரு வாரம் கழித்து முதல் புத்தகத்தை அவளே எடுத்துவந்தாள். இம்முறை சூசன் பேசும் இடங்களை அவள்தான் வாசிக்கிறாள், எழுத்துக்கூட்டி, மெதுவாக. இப்போது பேசும் விலங்குகளான பீவர் தம்பதியின் வீட்டில் இருக்கிறோம். மீன் வறுபடுகிறது. சூசன் உருளைக்கிழங்கை வடித்துக்கொண்டிருக்கிறாள்.