முகாமுக்குக் கிளம்பும் கம்பெனிக்காரர்களுக்கு: கேள்வி பதில்

இலங்கைத் தமிழர் முகாம்களுக்கு உதவப் போகும் கம்பெனி ஊழியர்களைப் பற்றி இரண்டு பத்தி எழுதினேன். கேள்விகள் குவிந்துவிட்டன. நான் வக்கீலும் இல்லை, அதிகாரியும் இல்லை. சேலத்தில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். 2009-லிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் முகாம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: சார், நாங்கள் இருபது பேர். இந்த வாரக் கடைசியில் தாரமங்கலம் பக்கத்துப் பவளத்தானூர் முகாமுக்குப் போகலாமா? (அஸ்தம்பட்டி)

நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. முகாம் வருவாய்த் துறையின் பொறுப்பில் இருக்கிறது, க்யூ பிரிவு (தமிழக உளவுப் பிரிவு) போலீஸின் கண்ணும் அதன் மேல் உண்டு. 1991-ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு வந்த கெடுபிடி முழுதாகப் போய்விடவில்லை. கலெக்டர் அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984-லிருந்து முகாம்களில் வேலை செய்கிறது. முதல் தடவை போகிறவர்கள் அப்படிப்பட்டவர்களோடு சேர்ந்து போவது நல்லது. இருபது பேர் வேண்டாம், நான்கு பேர் போதும். போட்டோ எடுக்காதீர்கள்.

கே: பழைய துணி சேகரித்து வைத்திருக்கிறோம். எங்கே கொடுப்பது? (சூரமங்கலம்)

வேண்டாம். 1990-ல் படகிலிருந்து இறங்கியவர்களுக்கு மாற்றுத் துணி இல்லை, அன்றைக்கு அது உதவி. இன்று அங்கே இருப்பது மூன்றாம் தலைமுறை.

கே: எங்கள் கம்பெனிக்குப் போலந்தில் கிளை இருக்கிறது. அங்குள்ள ஊழியர்கள் உக்ரைன் குடும்பங்களைத் தங்கள் வீட்டிலேயே தங்க வைத்தார்கள். நாமும் அப்படிச் செய்யலாமே? (ஃபேர்லேண்ட்ஸ்)

நல்ல கேள்வி. அந்த ஊழியர்கள் நல்ல மனசுக்காரர்கள்தான், ஆனால் அவர்களுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2001-ல் எழுதி வைத்துப் பயன்படுத்தாமலே இருந்த தற்காலிகப் பாதுகாப்பு விதியை 2022 மார்ச் மாதம் முதல் தடவையாக நடைமுறைக்குக் கொண்டு வந்தது. போர் தொடங்கி பத்து நாள்கூட ஆகவில்லை. தங்க, வேலை பார்க்க, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க எல்லாவற்றுக்கும் உரிமை கிடைத்தது.

இங்கே கதை வேறு. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. காகிதத்தில் அவர்கள் வெளிநாட்டவர்கள், அவ்வளவுதான். முகாமை விட்டு வெளியே தங்க அனுமதி வேண்டும். உதவித்தொகை வாங்க, அதிகாரிகள் தலை எண்ணும் தணிக்கை நாளில் நேரில் நிற்க வேண்டும். அதனால் வீட்டில் தங்க வைக்கும் யோசனையை விடுங்கள். அதைவிடப் பெரிய உதவி ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது: வேலை.

முகாமில் பி.இ. முடித்தவர்கள் இருக்கிறார்கள். நேர்முகத் தேர்வில் தேறிவிடுவார்கள். அப்புறம் ஆவணச் சரிபார்ப்பு வரும், 'நேஷனாலிட்டி' என்ற கட்டத்தில் போய் நிற்கும். ஆதார் இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, பாஸ்போர்ட் இல்லை. "தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறோம்" என்பார்கள். அந்த போன் வரவே வராது. பையன் அப்பாவோடு பெயிண்ட் வேலைக்குப் போய்விடுவான். முகாம் ஆண்களில் பாதிப் பேர் பெயிண்டர்கள் என்று விளையாட்டாகச் சொல்வார்கள். சேலத்தில் நீங்கள் குடியிருக்கும் அபார்ட்மெண்ட் சுவரில் யார் கைவண்ணம் என்று விசாரித்துப் பாருங்கள்.

உங்கள் கம்பெனி மனிதவள அதிகாரியை ஒரு மணி நேரம் உட்கார வைத்து அந்த ஒரு கட்டத்தைத் தாண்ட வழி கேளுங்கள். ஆயிரம் நோட்டுப் புத்தகம் கொடுப்பதைவிட அது பெரிய காரியம்.

கே: ஊழியர்கள் செலவிடும் நேரத்தை சி.எஸ்.ஆர். (கம்பெனியின் சமூகப் பொறுப்புச் செலவு) கணக்கில் காட்டலாமா? (ஓமலூர்)

இது என் பேட்டை. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். ஊழியர்கள் கலந்துகொள்வதை அரசு வரவேற்கிறது. ஆனால் அவர்கள் இலவசமாகச் செய்த வேலையை ரூபாயாக்கி அந்த 2 சதவீதத்தில் சேர்க்க முடியாது என்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமையைச் சம்பளத்தால் பெருக்கிக்கொண்டு யாராவது வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

கே: துணி, பாத்திரம் கொடுக்கலாமா? (கொண்டலாம்பட்டி)

மேலே பாருங்கள்.

கே: அவர்களை ஏன் அகதி என்கிறீர்கள்? என் பாட்டியின் தம்பி ஆத்தூரிலிருந்து கண்டித் தோட்டத்துக்குப் போனவர். அவர்கள் நம் சேலத்துப் பிள்ளைகள். (ஆத்தூர்)

பாதி சரி. கண்டிச் சீமைக் காப்பித் தோட்டங்களுக்குச் சேலம், திருச்சி, மதுரைப் பக்கமிருந்து ஆட்கள் போனார்கள். காப்பியில் நோய் விழுந்து தேயிலை வந்த பிறகும் போனார்கள். சுதந்திரம் கிடைத்த கையோடு, 1948-ல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1977 கலவரத்தில் அடிபட்ட தோட்டக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சிக்கு ஓடின. போர் அங்கேயும் வந்தது. அங்கிருந்து படகேறி ராமேஸ்வரம், மண்டபம், கடைசியில் இங்கே. கொள்ளுத்தாத்தா கிளம்பிய மாவட்டத்துக்கே கொள்ளுப்பேரன் வெளிநாட்டவனாகத் திரும்பி வந்திருக்கிறான். ஆனால் முகாமில் எல்லோரும் இப்படித் தோட்டத்திலிருந்து வந்த மலையகத்தார் இல்லை. மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலைக்காரர்களும் உண்டு.

கே: சாஸ்திரி ஒப்பந்தத்தில்தான் எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்தாகிவிட்டதே? (ஏற்காடு)

இரண்டையும் குழப்பாதீர்கள் ஐயா. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. குடியுரிமை இழந்த தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மனிதர்களைக் கூறு போட்ட ஒப்பந்தம் என்பது என் அபிப்பிராயம். அதன்படி வந்தவர்கள் தாயகம் திரும்பியோர். இந்தியக் குடிமக்கள். நீலகிரி அரசுத் தேயிலைத் தோட்டங்களில் பலருக்கு வேலையும் கிடைத்தது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு உயிருக்குப் பயந்து வந்தவர்களுக்கு அந்த ஒப்பந்தத்தால் ஒன்றும் கிடைக்கவில்லை.

கே: மலையகம், யாழ்ப்பாணம் என்று நீங்களே பிரிக்கிறீர்கள். வெட்கமாக இல்லை? (தாரமங்கலம்)

நான் பிரிக்கவில்லை தம்பி, அரசுக் கோப்பு பிரிக்கிறது. இந்திய வம்சாவளி என்று காட்ட முடிந்தால் குடியுரிமைக்கு வழக்காட ஒரு பிடி கிடைக்கிறது. அந்தப் பிடியை விடச் சொல்கிறீர்களா?

கே: ஏற்காடு மறுபடியும். அப்படியானால் இங்கே பிறந்த பிள்ளைகளாவது இந்தியர்கள்தானே?

1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண் இதைச் சொல்லி வழக்குப் போட்டார். பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். 1987 ஜூலை 1-லிருந்து பிறந்தவர்களுக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும்; 2004 டிசம்பரிலிருந்து பிறந்தவர்களுக்கு, மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராகவும் இருக்கக் கூடாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. இதற்கு மேல் வக்கீலைப் பாருங்கள்.

கே: 'அகதி', 'ஏதிலி', எது சரி? (சேலம் டவுன்)

அரசு 2021-ல் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. நாகியம்பட்டி முகாமில் ஒரு சின்னப் பையனிடம் "உன் ஊர் எது?" என்று கேட்டேன். "நாகியம்பட்டி" என்றான். அதுதான் சரி.

கே: குழு போட்டோ ஒன்று மட்டும்? தலைமை அலுவலகம் கேட்கிறது. (ஃபேர்லேண்ட்ஸ்)

கூடாது. ஒரு கம்பெனி பேனரோடு வந்தது. பெரிய அதிகாரி வரும்வரை பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்தார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாங்கிய நோட்டை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் என் வகுப்புக்கும் அவள் வரவில்லை.

கே: "எப்போது ஊருக்குத் திரும்பப் போகிறீர்கள்?" என்று விசாரிக்கலாமா? (அம்மாப்பேட்டை)

உங்களிடம் யாராவது அப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்?

கே: பழைய ஸ்வெட்டர் நிறைய இருக்கிறது... (ஏற்காடு)

தாரமங்கலம் வெயிலுக்கு ஸ்வெட்டரா?

கே: ஞாயிறு எத்தனை மணிக்குப் போனால் வசதி? (அஸ்தம்பட்டி)

பத்து மணிக்கு மேல். காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரம். குடத்தோடு வரிசையில் நிற்பவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள்.