பூனையும் நாயும் மழையாய்ப் பெய்த கதை

கேள்வி: கனமழையை ஆங்கிலத்தில் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்கிறார்களே, எங்கிருந்து வந்தது?

பதில்: இதுதான் பிறப்பிடம் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் இல்லை. எழுத்தில் இருப்பதைச் சொல்கிறேன். 1651இல் வேல்ஸ் கவிஞர் ஹென்றி வாகன், நாயும் பூனையுமாகப் பெய்தாலும் தாங்கும் ஒரு கூரையைப் பற்றி எழுதினார். 1653இல் அச்சான ரிச்சர்ட் புரோமின் நாடகத்தில் பெய்வது நாயும் போல்கேட்டும். போல்கேட் பூனையல்ல, கீரி மாதிரி இருக்கும் நாற்றம்பிடித்த பிராணி. பூனை முன்னால் வந்து இன்றைய வடிவம் கிடைப்பது ஐரிஷ் எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1738இல் வெளியிட்ட நூலில். பெரிய மனிதர்களின் சவசவ பேச்சைக் கேலி செய்யும் நூல் அது. அப்போதே இந்தத் தொடர் தேய்ந்து போயிருந்தது என்று அர்த்தம்.

அதே ஸ்விஃப்ட் 1710இல் லண்டன் மழையைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். ஸ்மித்ஃபீல்டு என்ற கால்நடைச் சந்தைப் பக்கத்துச் சாக்கடை பொங்கி, கசாப்புக் கடைக் குடலும் சாணியும், மூழ்கிச் செத்த நாய்க்குட்டியும், செத்த பூனையும், டர்னிப் தழையும் ஹோல்பார்ன் பாலம் நோக்கிப் புரண்டு வரும். தொடர் இதிலிருந்துதான் வந்தது என்பார்கள். வாகன் 59 வருஷம் முந்திக்கொண்டாரே!

கேள்வி: ஓலைக்கூரையில் படுத்திருந்த பிராணிகள் மழையில் வழுக்கி விழுந்ததால் வந்தது என்று படித்தேன்.

பதில்: 1999இல் சுற்றிய ஒரு மின்னஞ்சல் பரப்பிய கதை. கதை ரொம்ப அழகாக இருந்தால் முதலில் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: ஏன் நடந்திருக்கக் கூடாது? எங்கள் கூரை வீட்டிலேயே பூனை குட்டி போட்டிருக்கிறது.

பதில்: நம்புகிறேன். எங்கே போட்டது? பரணிலா, மூங்கிலுக்கும் ஓலைக்கும் நடுவிலா? எப்படியும் உள்பக்கம்தானே? அங்கிருந்து தவறினால் நடுவீட்டில்தான் விழும், தெருவில் இல்லை. மழையில் கூரை முகட்டில் போய் உட்காரும் பூனையை நான் பார்த்ததில்லை. சரி, நாயை யார் மேலே ஏற்றியது?

கேள்வி: அந்தக் காலத்தில் கூரை தாழ்வாக இருந்திருக்கும். நாய் தாவி ஏறியிருக்கலாமே?

பதில்: விடமாட்டீர்கள் போலிருக்கிறது! தாவியே ஏறியது என்று வையுங்கள். வாகன் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். அவர் கவிதையில் நாயும் பூனையும் வானத்திலிருந்து வருகின்றன, கூரை அவற்றைத் தடுக்கிறது. உங்கள் கதையில் கூரையே அவற்றைத் தள்ளிவிடுகிறது.

கேள்வி: வட ஐரோப்பியப் புராணத்து ஓடின் கடவுளின் நாய்களும் சூனியக்காரியின் பூனைகளும் புயல் மழையைக் கொண்டுவரும், அதிலிருந்து வந்தது என்கிறார்களே?

பதில்: சுவையான கதை. ஆதாரம் பூஜ்யம்.

கேள்வி: மற்ற மொழிகளில்?

பதில்: பிரெஞ்சில் கயிறு, ஜெர்மனில் நூல், வெல்ஷில் கிழவிகளும் தடிகளும். நமக்குப் பேய் மழை. கிழவிகள் எந்தக் கூரையிலிருந்து வழுக்கினார்கள் என்று முந்தைய நண்பர் சொல்லட்டும்.

கேள்வி: 'பூனை நாயாக மழை பெய்தது' என்று மொழிபெயர்க்கலாமா?

பதில்: வேண்டாம். 'கொட்டோ கொட்டென்று கொட்டியது' போதும்.

கேள்வி: ஐயா, கூரையிலிருந்து நாய் விழுந்ததால்தானே இப்படி...

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: கடைசி நொடியில் தப்பித்ததை ஆங்கிலத்தில் 'சேவ்ட் பை த பெல்' (மணி காப்பாற்றியது) என்கிறார்களே, அது உயிரோடு புதைக்கப்பட்டவர் அடிப்பதற்காகச் சவப்பெட்டியில் கட்டிய மணியா?

பதில்: குத்துச்சண்டையில் சுற்று முடியும்போது அடிக்கும் மணி. சவப்பெட்டிக் கதையும் அதே மின்னஞ்சலில் வந்ததுதான்.