இ-விசா போடப் போகிறீர்களா? முதலில் பாஸ்போர்ட்டைக் கையில் எடுங்கள்

டிராவல் ஏஜென்சி கவுண்டரில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடம் மற்றவர்களின் விசாப் படிவங்களை நிரப்பியவள் நான். அப்போதெல்லாம் பாஸ்போர்ட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். தப்பு நேர்ந்தால் திட்டுவதற்கு நான் இருந்தேன். இப்போது ராத்திரி பதினொரு மணிக்கு சோபாவில் சாய்ந்தபடி போனிலேயே விண்ணப்பித்துவிடுகிறார்கள். திட்ட ஆளில்லை. அதனால்தானோ என்னவோ, சென்ற இதழில் ‘இ-விசா பற்றிக் கேளுங்கள்’ என்று எழுதியதும் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

தாய்லாந்து போக வருகை அட்டை வேண்டும் என்றார்கள். தேடியதில் முதலில் வந்த தளத்தில் கார்டு போட்டுப் பணம் கட்டினேன். ‘அது இலவசம்’ என்கிறாள் மகள். பணம் திரும்ப வருமா?

மகள் சொல்வது சரி. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர்கள் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. மலேசியா, சிங்கப்பூர் அட்டைகளும் இலவசம்தான். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும். இன்னொன்று: இந்த அட்டை விசா அல்ல. விசா தேவைப்படுகிறவர் அதைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

பணம் திரும்புவது சந்தேகம். ‘இது சேவைக் கட்டணம்’ என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். வங்கியிடம் புகார் கொடுத்துப் பாருங்கள். எதற்கும் அசல் தளத்தில் நீங்களே ஒரு தடவை நிரப்பிவிடுங்கள். அவர்கள் உண்மையிலேயே பதிந்தார்களா என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

அசலைக் கண்டுபிடிப்பது எப்படி? முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வியட்நாம், துருக்கி, அஜர்பைஜான், கம்போடியா ஆகியவற்றுக்கு ‘ஜி-ஓ-வி’, அதன்பின் ஒரு புள்ளி, நாட்டின் இரண்டெழுத்து. தாய்லாந்து, இந்தோனேசியா, கென்யா, தென்கொரியாவுக்கு வெறும் ‘ஜி-ஓ’. அந்த ‘வி’ இல்லையே என்று பயந்து அசலை மூடிவிட்டுப் போலியில் போய்ப் பணம் கட்டியவர்களும் உண்டு. ‘ஜி-ஓ-வி’ முன்னாலோ நடுவிலோ வந்து, கடைசியில் ‘காம்’ என்று முடிந்தால் அது அரசாங்கம் இல்லை. தேடலில் ‘விளம்பரம்’ என்ற சின்ன வார்த்தையோடு மேலே நிற்பதைத் தொடாமல் இருந்தாலே பாதி ஆபத்து போய்விடும்.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. ஆனால் இ-விசாப் படிவம் அதை நிரப்பாமல் நகர மாட்டேன் என்கிறது. அப்பா பெயரைப் போடலாமா?

இந்தக் கேள்வி மட்டும் ஒன்பது பேரிடமிருந்து வந்திருக்கிறது.

அப்பா பெயரை உங்கள் இஷ்டத்துக்குப் போடாதீர்கள். படிவம் கேட்பது உங்களை ஊரார் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதை அல்ல. உங்கள் பாஸ்போர்ட்டில் என்ன அச்சாகியிருக்கிறது என்பதை. போட்டோ உள்ள பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும். வரிக்கு 44 எழுத்து. எல்லையில் இயந்திரம் படிப்பது அந்த வரிகளைத்தான். முதல் வரியில் நாட்டின் மூன்றெழுத்துக் குறிக்குப் பிறகு வருவது உங்கள் பெயர். அதில் இல்லாத ஒரு பெயர் விசாவில் இருந்தால், அந்த விசா வேறொருவருடையது போலத் தெரியும்.

பிறகு அந்தக் கட்டத்தில் என்னதான் போடுவது? நாட்டுக்கு நாடு வேறு. சில படிவங்களில் ‘குடும்பப் பெயர் இல்லை’ என்று டிக் செய்ய ஒரு பெட்டி இருக்கும். சிலவற்றில் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயராகப் போடச் சொல்வார்கள். சிலவற்றில் இரண்டு கட்டத்திலும் அதையே போடச் சொல்வார்கள். அந்தத் தளத்தின் உதவிப் பக்கத்தைப் படியுங்கள், அதில் இல்லையென்றால் தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். புள்ளி, கோடு, ‘இல்லை’ என்றெல்லாம் அடித்து நகரப் பார்க்காதீர்கள். ‘இல்லை’ என்ற குடும்பப் பெயரோடு அச்சாகி வந்த விசாவை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மனிதர் அழாத குறை.

விமான டிக்கெட்டிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாக்காரர்களை ஏற்க மாட்டோம் என்று விமான நிறுவனங்களுக்குச் சொன்னபோது பலர் தவித்துப்போனார்கள். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் சரி என்று பிறகு விளக்கம் வந்தது. அடிக்கடி பயணம் போகிறவர் என்றால், அடுத்த முறை பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது பெயரை இரண்டாகப் பிரித்துப் பதிந்துகொள்ளுங்கள். ஒரு தடவை அலைச்சல், அப்புறம் பத்து வருடம் நிம்மதி.

விசா மின்னஞ்சலில் வந்துவிட்டது. போனில் காட்டினால் போதாதா?

போதும் என்று சொல்லும் நாடுகளும் உண்டு. நீங்கள் அச்செடுத்துக்கொண்டே போங்கள், இரண்டு பிரதி.

அஜர்பைஜான் விசாவில் 90 நாள் என்றும் 30 நாள் என்றும் இரண்டு கணக்கு இருக்கிறது. எதை நம்புவது?

இரண்டையும். 90 நாள் என்பது விசாவின் ஆயுள்; 30 நாள் நீங்கள் உள்ளே தங்கக்கூடிய காலம். அந்த 90 நாள் ஜன்னலுக்குள் போய், தங்கி, வெளியேறிவிட வேண்டும். 85ஆம் நாள் போய் இறங்கினால் இன்னும் முப்பது நாள் இருக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

வியட்நாமில் கணக்கு வேறு. 2023 ஆகஸ்ட் 15 முதல் அங்கே 90 நாள் வரை இ-விசா தருகிறார்கள். நீங்கள் கேட்கும் தேதியிலிருந்து தேதிவரை என்று அச்சாகி வரும். முதல் தேதிக்கு ஒரு நாள் முன்னால்கூட உள்ளே விட மாட்டார்கள். நள்ளிரவுக்குச் சற்று முன் தரையிறங்கும் விமானம் என்றால் தேதியை இரண்டு தடவை பாருங்கள்.

வியட்நாமில் பத்து நாள். நடுவில் கம்போடியா போய் அங்கோர் வாட் பார்த்துவிட்டுத் திரும்ப ஆசை. ஒரே விசா போதுமா?

கம்போடியாவுக்குத் தனி விசா. வியட்நாமுக்கு, ஒரு முறை நுழையும் விசா எடுத்தால், அங்கோர் வாட் பக்கத்திலுள்ள சியெம் ரீப்புக்கு விமானம் ஏறிய நிமிடமே அது முடிந்துபோகும். பலமுறை நுழையும் விசாவாகக் கேளுங்கள். ஒருமுறை விசா 25 டாலர், பலமுறை விசா 50. மறுத்தாலும் பணம் திரும்பாது. படிவத்தில் எந்த விமான நிலையம் அல்லது எல்லைச்சாவடி வழியாக நுழைவீர்கள் என்றும் கேட்கும். எல்லாச் சாவடியிலும் இ-விசா செல்லாது. பட்டியலில் உள்ளதாக இருக்க வேண்டும்.

விசா வந்தபிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டேன். பழையதையும் சேர்த்து எடுத்துப் போனால் சரியா?

பாஸ்போர்ட் பக்கத்தில் ஒட்டித் தரும் விசாவுக்குப் பல நாடுகளில் அது நடக்கும். இ-விசா உங்கள் பழைய பாஸ்போர்ட் எண்ணோடு கட்டிப்போட்டது. அநேகமாகப் புதிதாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. வேலையை விட்டபிறகு, எனக்கே எனக்கென்று முதல்முறையாக வியட்நாமுக்கு விண்ணப்பித்தேன். இருபத்திரண்டு வருட அனுபவம் அல்லவா, பாஸ்போர்ட்டை அலமாரியிலிருந்து எடுக்கவே இல்லை. எண்ணின் முதல் எழுத்தை அடித்ததுமே கணினி மீதியைத் தானாக நிரப்பியது. அது காலாவதியான என் பழைய பாஸ்போர்ட்டின் எண். நான் கவனிக்கவில்லை, விசாவும் வந்துவிட்டது. விமான நிலைய கவுண்டரில் ஒரு சின்னப் பெண் பேனா நுனியால் ஒவ்வொரு இலக்கமாகத் தொட்டுப் பார்த்தாள். நான்காவது இலக்கத்தில் பேனா நின்றது. “மேடம், இது உங்க விசா இல்லையே.”

அவளைக் குறை சொல்ல முடியாது. எந்த நாட்டுக்கு என்ன காகிதம் வேண்டும் என்பதை ‘டிமாட்டிக்’ என்ற தரவுத்தளத்தில் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். உள்ளே விடாத பயணியைத் திருப்பிக் கொண்டுவருவது விமான நிறுவனத்தின் தலையில்தான் விழும். பல நாடுகள் அபராதமும் போடும். நான் பெட்டியை இழுத்துக்கொண்டு வீடு திரும்பினேன். மறுபடி 25 டாலர், வியட்நாமின் ஹோய் ஆன் ஊரில் இரண்டு இரவு ஓட்டல் வாடகை நஷ்டம். வீட்டில் இன்றுவரை அந்தக் கதை ஓடுகிறது.

போட்டோவை மூன்று தடவை நிராகரித்துவிட்டார்கள்.

கண்ணாடியைக் கழற்றுங்கள், வாயை மூடுங்கள், வெள்ளைச் சுவர் முன்னால் நின்று வேறு யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். செல்ஃபி வேண்டாம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தையும் ஏற்றாதீர்கள், அது சுருங்கி மங்கிப்போயிருக்கும். பாஸ்போர்ட் பக்கத்தைப் படம் எடுக்கும்போது அடியில் உள்ள அந்த இரண்டு வரி வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

துருக்கிக்கு ‘உடனே இ-விசா’ என்றார்கள். எனக்கு வேறு விசா காட்டச் சொல்கிறதே?

சில நாட்டுக் குடிமக்களுக்கு நிபந்தனையோடுதான் தருகிறார்கள். அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து அல்லது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளின் செல்லுபடியாகும் விசாவோ வசிப்பிட அனுமதியோ கையில் இருக்க வேண்டும். அந்த ஆதரவு ஆவணம் இன்னொரு இ-விசாவாக இருந்தால் ஏற்க மாட்டார்கள். இல்லாதவர்கள் தூதரக வழியாகத்தான் போக வேண்டும்.

‘மூன்று வேலை நாள்’ என்றார்கள். ஐந்து நாள் ஆகிவிட்டது, இன்னும் ‘பரிசீலனையில்’.

வேலை நாள் அவர்களுடைய நாட்காட்டிப்படி. சனி, ஞாயிறு, அவர்கள் ஊர் விடுமுறை எல்லாவற்றையும் கழியுங்கள். வியட்நாமில் டெட் புத்தாண்டு சமயம் என்றால் நாள் கணக்காக எதுவும் அசையாது. அவசரப்பட்டு இரண்டாவது விண்ணப்பம் போடாதீர்கள், இரண்டும் சிக்கிக்கொள்ளலாம். பதிவு எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஸ்பாம் பெட்டியையும் திறந்து பாருங்கள். போட்டோ சரியில்லை என்ற கடிதம் நாலு நாளாக அங்கே தூங்கிக்கொண்டிருக்கும்.

நான்கு வருடம் முன்பு ஒரு நாடு எனக்கு விசா மறுத்தது. ‘எப்போதாவது மறுக்கப்பட்டதா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று போட்டால் யாருக்குத் தெரியும்?

அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் தங்களுக்குள் குடிநுழைவுத் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன. பழைய மறுப்பு இருந்தும் விசா வாங்கிப் போனவர்கள் என் கவுண்டரிலேயே நிறையப் பேர். பொய் சொல்லி மாட்டியவருக்கு மறுபடி வாங்கித் தர என்னால் முடிந்ததில்லை. ‘ஆம்’ என்று போட்டு, எந்த ஆண்டு, என்ன காரணம் என்று ஒரே வரியில் எழுதுங்கள்.